ஹோலோகிராம் அரங்குக்குப் போகும் முன்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அறிவியல் மையத்தின் ஹோலோகிராம் அரங்குக்கு, அதாவது ஒளியாலான உருவங்களை மேடையில் நிற்பது போலக் காட்டும் அரங்குக்கு அழைத்துப் போகிறோம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். அரங்கு இருட்டாக இருக்கும், ஒளி விட்டுவிட்டு மின்னும். பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் தயங்காமல் முன்னதாகவே சொல்லுங்கள்.

போன வாரம் நான் மட்டும் போய் அரங்கைப் பார்த்து வந்தேன். மேடைக்கு ஒரு யானை நடந்து வந்து காதை ஆட்டியது. முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் எழுந்து நின்று, "அப்பா, இது எப்படி?" என்றாள். "மேஜிக்ம்மா" என்றார் அவர். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அது மேஜிக் இல்லை. மேடையில் 45 டிகிரி சாய்வாக ஒரு ஒளிபுகும் தாள் நிற்கிறது. கீழே மறைவாக இருக்கும் திரையின் படம் அதில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. தாளுக்குப் பின்னால் உள்ள மேடையும் தெரிவதால், யானை அங்கேயே நிற்பதாகத் தோன்றுகிறது. 1862-ல் லண்டனில் ஜான் பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளர் கண்ணாடியை வைத்து மேடையில் பேயைக் காட்டிய உத்திதான் இது. 1996-ல் இறந்த பாடகர் டூபாக் 2012-ல் அமெரிக்க இசைவிழா மேடையில் தோன்றியதும் இப்படித்தான். இதையும் ஹோலோகிராம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் விஞ்ஞானி டென்னிஸ் கேபர் கண்டுபிடித்து, அவருக்கு 1971-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த அசல் ஹோலோகிராம் வேறு. கிரெடிட் கார்டில் மினுங்கும் சின்னம் அந்த வகை.

பெயர் எப்படியோ போகட்டும், பயன் பெரிது. ஜெர்மனியின் ரோன்கல்லி சர்க்கஸ் யானையையும் குதிரையையும் ஒளியிலேயே காட்டுகிறது. எந்த மிருகத்தையும் கட்டிப்போட்டுப் பழக்க வேண்டியதில்லை. இதைப் பிள்ளைகளிடம் நான் கட்டாயம் சொல்வேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு ராத்திரி, விளக்கெரியும் அறையில் பிள்ளையை ஜன்னல் கண்ணாடி முன்னால் நிறுத்துங்கள். வெளியே இருட்டில் தன் முகம் மிதப்பதை அவனே பார்ப்பான். அப்புறம் கெட்டியான, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் மேலே 1 செ.மீ., கீழே 6 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. அளவில் நான்கு துண்டுகள் வெட்டி, கூம்பு மாதிரி ஒட்டச் சொல்லுங்கள். குறுகலான பக்கம் கீழே வரும்படி செல்போன் திரைமேல் நிறுத்தி, நான்கு பக்கமும் ஒரே உருவம் வரும் வீடியோவை ஓடவிட்டால் போதும், கூம்புக்குள் உருவம் மிதப்பது போலத் தெரியும். கத்தரிக்கோல் பிடிக்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "அந்தத் தாள் எங்கே இருந்துச்சு, கண்டுபிடிச்சியா?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்