ஏலம் முடிந்தபின் வரும் ரத்துக் கோரிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளாகப் பழங்காசுகளைச் சேகரித்து வருகிறேன். முன்பு பாத்திரக் கடைகளிலும், கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களிடமும் வாங்கிவந்த என்னைப் போன்றவர்கள், இப்போது பெரும்பாலும் இணைய ஏலங்களையே நம்பியிருக்கிறோம். அந்த ஏலங்களில் அண்மைக் காலமாகப் பெருகிவரும் ஒரு வழக்கத்தைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு, தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் ஏழாம் கிறிஸ்டியான் மன்னர் காலத்தில் வெளியிட்ட செப்புக் காசு ஒன்றை ரூ.1,150-க்கு ஏலத்தில் எடுத்தேன். (நம்முடைய 'காசு' என்ற சொல்லையே அவர்கள் தம் எழுத்தில் பொறித்துக்கொண்ட நாணய வகை என்பதால் அதன்மீது எனக்குத் தனி ஆசை.) அன்றிரவே பணத்தையும் செலுத்திவிட்டேன். மறுநாள் காலை விற்பனையாளர் தொலைபேசியில் அழைத்து, "சார், அந்தக் காசு ஸ்டாக்கில் இல்லை. நீங்களே ஒரு ரத்துக் கோரிக்கை அனுப்பிவிடுங்கள், பணம் உடனே திரும்பிவிடும்" என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒற்றைக் காசு, மளிகைக் கடைச் சோப்பைப் போல எப்படி ஸ்டாக் தீரும் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து அதே காசு, அதே புகைப்படம், விளிம்பில் இருந்த அதே கீறல் ஆகியவற்றோடு ரூ.2,500 தொடக்க விலையில் மீண்டும் ஏலத்துக்கு வந்தது.

எதிர்பார்த்த விலை வராத விற்பனையாளருக்கு மனம் மாறுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்த மன மாற்றத்தை வாங்குபவரின் பெயரில் எழுதிவைக்க முயல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஈபே போன்ற பெரிய தளங்களில், பொருள் கையில் இல்லை என்று விற்பனையாளர் ரத்து செய்தால் அது அவருடைய கணக்கில் குறையாகப் பதிவாகும். இத்தகைய குறைகள் மொத்த விற்பனையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் அவருடைய தகுதி நிலை இறங்கிவிடும். 'வாங்குபவர் கேட்டுக்கொண்டதால்' என்று காரணம் குறித்தாலோ எந்தக் குறையும் ஏறாது. ஆக, "நீங்களே ரத்து செய்துவிடுங்கள்" என்ற பணிவான வேண்டுகோளில் நாம் தருவது வெறும் சம்மதம் அல்ல, அவருடைய தவறை மறைக்கும் ஒரு பொய்ச் சான்று. நான் மறுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே ரத்து செய்தார். தளத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் காரணம் 'வாங்குபவரின் கோரிக்கை' என்றே இருந்தது.

ஊர்க் கோயில் புளியமரக் குத்தகையோ, ஏரி மீன்பாசிக் குத்தகையோ ஏலம் விடப்படுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். டேவணித் தொகை (முன்வைப்புப் பணம்) கட்டாமல் யாரும் ஏலம் கேட்க முடியாது. 'மூன்று தரம்' சொல்லி முடித்தபின் கேட்டவர் பின்வாங்கினால் அந்தத் தொகை போய்விடும். அதேபோல, விலை போதவில்லை என்று விடுபவர் நினைத்தால் 'மூன்று தரம்' சொல்வதற்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது: சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ முடிவு அறிவிக்கப்படும்போது விற்பனை முழுமை பெறுகிறது, அதுவரைதான் ஏலம் கேட்டவர் தாம் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். தனக்கென ஒரு குறைந்தபட்ச விலையை ஒதுக்கிவைத்துக்கொள்ளவும் அதே பிரிவு விற்பனையாளருக்கு இடம் தருகிறது. நேரம் முடிந்து, 'ஏலம் உங்களுக்கே' என்று திரையில் செய்தி வந்து, பணமும் பெறப்பட்ட பிறகு, அதைச் சுத்தியல் ஓசைக்குக் குறைவானதாகக் கருத எனக்குக் காரணம் தெரியவில்லை. முறையின்றிப் பொருளைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் இழப்பீடு கேட்க 57-ஆவது பிரிவு வழி செய்கிறது; குறிப்பிட்ட அந்தப் பொருளையே ஒப்படைக்கும்படி ஆணையிட 58-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

இதை ஏட்டுச் சட்டம் என்று ஒதுக்குபவர்களுக்கு இரண்டு வெளிநாட்டுத் தீர்ப்புகளைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விர்ராவே விமானம் ஒன்று ஈபே ஏலத்தில் 1,50,000 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. அதைவிட 1,00,000 டாலர் அதிகமாக வேறொருவரிடம் பேசி முடித்திருந்த உரிமையாளர் தர மறுத்தார். நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் 2007-இல், ஏலத்தில் வென்றவரிடமே விமானத்தை ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் ஒரு யூரோ தொடக்க விலையில் விடப்பட்ட பழைய பாஸாட் கார் ஒன்றின் ஏலத்தை, வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததால் உரிமையாளர் பாதியில் முறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் விலை கேட்டிருந்த ஒரே நபருக்கு, காரின் மதிப்பான 5,250 யூரோவில் அவர் தர வேண்டிய ஒரு யூரோவைக் கழித்து, 5,249 யூரோ இழப்பீடு கிடைத்தது. 2014-இல் அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே நீதிமன்றம் 2011-இல், ஏலம் நடக்கும்போதே கேமரா திருடுபோன ஒரு விற்பனையாளர் ஏலத்தை நிறுத்தியது சரியே என்றும் கூறியிருக்கிறது. உண்மையான காரணத்துக்கும் விலைக் காரணத்துக்கும் இடையே கோடு போடுவது அவ்வளவு கடினமான வேலை அல்ல என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, பொருள் உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, கடையில் நேரடியாக விற்றதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், ரத்துக்கு உடன்படுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. நானும் இருமுறை அப்படி உடன்பட்டிருக்கிறேன். அப்போதும் ரத்தை அவர்தான் செய்ய வேண்டும், காரணமும் உள்ளபடியே இருக்க வேண்டும். பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள் நடப்பது நல்லது. தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. எனவே அழைப்பு வந்தால், பேசியதைச் சுருக்கித் தளத்திலேயே ஒரு செய்தியாக எழுதி அனுப்பிவிடுங்கள். பணம் எந்த வழியில் சென்றதோ அதே வழியில்தான் திரும்ப வேண்டும். "ஜிபே எண் கொடுங்கள், நேரடியாக அனுப்புகிறேன்" என்பவருக்குச் சம்மதித்தால் தளத்தின் பாதுகாப்பு நம்மை விட்டு நழுவிவிடும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னால், அது ஏலத் தகராறே அல்ல, நேரடி மோசடி.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நான் எழுதிய புகாருக்குப் பின் ரத்துக்கான காரணம் திருத்தப்பட்டது, பணமும் வந்துசேர்ந்தது, காசு மட்டும் வரவில்லை. புகாருக்குப் பதில் வராதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் தொடுக்கலாம். ஆனால், தொழிலாக அன்றி வீட்டில் கிடந்த ஒரு பொருளை எப்போதோ விற்கும் தனிநபரை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அத்தகையவர்களிடம் வாங்கும்போது நமக்கு இருப்பது 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் தளத்தின் சொந்த விதிகளும்தான். ஆயிரம் ரூபாய்க் காசுக்காக யாரும் உரிமையியல் நீதிமன்றப் படி ஏறப்போவதில்லை என்பதால், தளங்கள் தம் விதிகளைச் சரிசெய்வதே நடைமுறைக்கு உகந்தது.

அவர்கள் செய்ய வேண்டியதும் பெரிதல்ல. 'வாங்குபவரின் கோரிக்கை' என்று விற்பனையாளர் குறித்தவுடன், "நீங்கள் கேட்டீர்களா?" என்று வாங்குபவரிடம் ஒரு கேள்வி போக வேண்டும், அவர் ஆம் என்று சொல்லும்வரை அந்தக் காரணம் பதிவாகக் கூடாது. ரத்து செய்யப்பட்ட பொருளை முப்பது நாளுக்குள் மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவந்தால், முதலில் வென்றவருக்கே அவர் வென்ற விலையில் அதைத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட வேண்டும்.

இங்ஙனம்,
பழங்காசு சேகரிக்கும் வாசகர்,
கும்பகோணம்.