25 கிராம் கதையின் மறுபாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், ஐவிஎஃப் முறையில் (உடலுக்கு வெளியே கருவை உண்டாக்கிக் கருப்பையில் வைப்பது) பிறக்கும் பிள்ளைகளை ஆராயும் நோர்வே ஆய்வாளர்களைப் பற்றிய கட்டுரை வாசித்தேன். 'எடையும் குறைவு, நாளும் குறைவு' என்ற தலைப்பைப் பார்த்ததும் ஊரிலிருந்து மாமி போன் எடுத்துவிட்டார். "நான் அப்பவே சொன்னனான்தானே!"

எங்கள் மூத்தவள் 2001இல் ஐவிஎஃப் மூலம் பிறந்தவள். இளையவன் 2004இல், நாங்கள் நம்பிக்கையையே கைவிட்ட பிறகு, தானாக வந்தவன். இரண்டு பேரும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் மூத்தவளுக்குத் தடிமன் பிடித்தால் அவள் 'ஊசிப் பிள்ளை'. இளையவனுக்குப் பிடித்தால் காரணம் எங்கள் பேர்கன் நகரத்து மழை.

2008இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட அந்த நோர்வே ஆய்வில், இயற்கையாகத் தரித்த சுமார் 12 இலட்சம் பிறப்புகளோடு 8,229 ஐவிஎஃப் பிறப்புகளை ஒப்பிட்டார்கள். ஐவிஎஃப் பிள்ளைகளுக்குச் சராசரியாக எடையில் 25 கிராம், வயிற்றில் இருந்த காலத்தில் இரண்டு நாள் குறைவு. உங்கள் கட்டுரை அதோடு நின்றுவிட்டது. அவர்கள் நிற்கவில்லை. இரண்டு விதமாகவும் பிள்ளை பெற்ற 2,546 தாய்மாரைத் தனியே எடுத்து, பிள்ளையை அதன் சகோதரத்தோடேயே ஒப்பிட்டார்கள். 25 கிராம் 9 ஆனது. இரண்டு நாள் அரை நாள் சொச்சமானது. வித்தியாசத்தில் பெரும்பங்கு, பிள்ளை தரிக்காமல் தடுத்த அந்தக் காரணத்திலிருந்தே வந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

தாலிடோமைட் மருந்து பிள்ளைகளின் கைகால்களைப் பறித்த பிறகு, 1967இல் தொடங்கிய பிறப்புப் பதிவேடு இங்கே இருப்பதால்தான் இதெல்லாம் சாத்தியமானது. பிரசவ அறையில் மருத்துவிச்சி படிவம் நிரப்பியது நினைவிருக்கிறது. அந்த 2,546 பேரில் நானும் ஒருத்தியாக இருக்கலாம்.

அப்புறம், தாயைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே! நோர்வே ஆய்வாளர் சிக்னே ஒப்டால் குழுவின் 2015 ஆய்வில், ஒற்றைப் பிள்ளை சுமந்தவர்களில், இயற்கையாகத் தரித்தோருக்கு 4.7 சதவீதம் இரத்த அழுத்தக் கோளாறு; ஐவிஎஃபில் உறைய வைத்த கருவை வைத்துக்கொண்டோருக்கு 7 சதவீதம். ஒரே தாயின் இரண்டு கர்ப்பங்களை ஒப்பிட்டபோதும் இது கரையவில்லை, இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. பிள்ளைக்காக எழுப்பிய எச்சரிக்கை மணியை இங்கே அடித்திருக்கலாம். மறுபாதியை அடுத்த இதழிலாவது போடுங்கள்.

மாமிக்கு அந்த 9 கிராமை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அவளுக்கு இப்ப தடிமன் எப்படி?" என்றார்.

ஒரு வாசகி,
பேர்கன், நோர்வே