பிரிந்து பூசணம் பிடித்த சருமக் கிரீம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
அழகு நிலைய உரிமையாளர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு.

பொருள்: தேங்காய் எண்ணெய் சேர்ந்த சருமக் கிரீம் கெட்டுப்போனது, தங்கள் பதிலை ஏற்க மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

என் முதல் புகாருக்குத் தங்களிடமிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது. இயற்கைப் பொருள் என்பதால் வெயிலில் பிரிவது சகஜமாம், ஈரக்கை பட்டிருக்கலாமாம், வைட்டமின் ஈ இருப்பதால் கிருமி வளர வழியே இல்லையாம். நான் வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். கல்யாணப் பெண்களின் முகத்தில் கை வைத்துப் பிழைப்பவள். இந்தப் பதிலை அப்படியே விழுங்கிக்கொள்ள என்னால் முடியாது.

ஒரே தொகுதி எண் கொண்ட இரண்டு டப்பாக்கள் வாங்கினேன். பயன்பாட்டில் இருந்த டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தால், உட்புறம் நீர் முத்துக் கோத்திருந்த இடங்களில் கரும்பச்சைப் புள்ளிகள். விளிம்போரம் தண்ணீர் தனியாகத் தேங்கியிருந்தது. மேலே மஞ்சளாக எண்ணெய்ப் படலம். எங்கள் நிலையத்தில் கிரீமைக் கரண்டியால்தான் எடுப்போம், விரல் விடுவதில்லை. அதை நம்ப மனமில்லை என்றால் இரண்டாவது டப்பாவுக்கு வாருங்கள். முத்திரையைப் பிரித்த நிமிடத்திலேயே அதிலும் எண்ணெய் பிரிந்து நின்றது. அதில் யாருடைய ஈரக்கை பட்டது?

கிரீம் என்பது பால்மம். நுண்ணிய எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் பரவி நிற்கின்றன. ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பிடித்துக்கொள்ளும் பால்மமாக்கி அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. துளிகள் வெறுமனே மேலேறியிருந்தால் கலக்கியதும் பழையபடி ஆகியிருக்கும். நான் கலக்கி வைத்தது மறுநாள் காலையில் மீண்டும் பிரிந்து கிடந்தது. துளிகள் ஒன்றாகக் கலந்து பெரிதாகிவிட்டன, பால்மம் உடைந்துவிட்டது என்பதைத்தான் இது காட்டுகிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகுவது. குளிரூட்டிய அறையில் உறைவதும் எங்கள் ஊர் மேசையில் உருகுவதுமாக இருக்கும் எண்ணெயைத் தாங்கும்படி கிரீமைத் தயாரிப்பது உங்கள் வேலை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. இங்கே விற்க வருபவர்கள் இந்த ஈரக்காற்றையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பூசணம்தான் இதைவிடப் பெரிய விஷயம். டப்பாவின் முன்புறம் 'பதப்படுத்தி அற்றது', அதாவது கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்காதது, என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பின்புறப் பட்டியலில் சோடியம் பென்சோயேட் இருக்கிறது. அது பதப்படுத்தி இல்லாமல் வேறென்ன? சரி, சேர்த்ததாவது வேலை செய்கிறதா? சோடியம் பென்சோயேட் அமிலத்தன்மையில்தான் பலன் தரும். அமிலச் சூழலில் அது பென்சாயிக் அமிலமாக மாறும். அயனிகளாகப் பிரியாத அந்த அமிலம்தான் கிருமியின் செல்லுக்குள் எளிதில் நுழையும். பிஹெச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். பிஹெச் 4.2 இருக்கும்போது சேர்த்ததில் பாதி அந்த வடிவத்தில் இருக்கும். 6-இல் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. 7-இல் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. உங்கள் கிரீமை பிஹெச் தாளில் தடவிப் பார்த்தேன். நிறம் 7-ஐ ஒட்டி நின்றது. தாள் துல்லியமான கருவி அல்லதான். ஆனால் 5-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டும். பட்டியலில் வேறு பதப்படுத்தி எதுவும் இல்லை. காவலாளியை வேலைக்கு வைத்துவிட்டுக் கையைக் கட்டிப் போட்டது போல இருக்கிறது இது.

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தடுக்க அது உதவாது. தண்ணீர் சேராத வெறும் எண்ணெய்க்குப் பதப்படுத்தி பெரும்பாலும் தேவைப்படாது. தண்ணீர் முதலிடத்தில் இருக்கும் கிரீமுக்குக் கட்டாயம் தேவை. அதற்கு ஒரு சதவீதம் வரை அனுமதிக்கப்பட்ட ஃபீனாக்ஸிஎத்தனால் போன்ற பதப்படுத்திகள் சந்தையில் இருக்கின்றன. மக்கள் 'ரசாயனம்' என்ற சொல்லுக்கே பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைத் தெளிவிக்க வேண்டிய நீங்களே அதை விளம்பரமாக்கி விற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

புருவம் திருத்திய உடனே, முடி பிடுங்கிய துளைகள் சிவந்திருக்கும்போது, அந்த இடத்தில் இந்தக் கிரீமைத்தான் தடவிவந்தோம். கண்ணுக்கு எவ்வளவு பக்கம் என்று நினைத்துப் பாருங்கள். கெட்டுப்போன கிரீமில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் வளரலாம். அவை கண்ணுக்குத் தெரியாது. புள்ளி தெரிந்ததால் நான் நிறுத்தினேன். தெரியாமல் இன்னும் பூசிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ?

ஆகவே, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வேண்டுமென்றே கிரீமில் கலந்து 28 நாள் கண்காணிக்கும் பதப்படுத்தித் திறன் சோதனையை இந்தக் கலவைக்குச் செய்திருக்கிறீர்களா என்று எழுத்தில் தெரிவியுங்கள். செய்திருந்தால் அறிக்கையையும், இந்தத் தொகுதியின் பிஹெச் பதிவையும் அனுப்புங்கள். மாவட்டக் கடைகளில் இருக்கும் இதே தொகுதி டப்பாக்களைத் திரும்பப் பெறுங்கள். முன்புற வாசகத்தை நீக்குங்கள். இரண்டு டப்பாக்களின் விலையையும் திருப்பித் தாருங்கள்.

15 நாட்களுக்குள் உரிய பதில் வராவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மனு கொடுப்பேன். சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காக வாங்கும் பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். மருந்து ஆய்வாளரிடமும் புகார் அளிப்பேன். இரண்டு டப்பாக்களையும் உறையிலிட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அவற்றை உங்கள் முகவரிடம் ஒப்படைக்க மாட்டேன், சோதனைக்கு மாதிரி வேண்டுமானால் என் முன்னிலையில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அழகு நிலைய உரிமையாளர்,
மார்த்தாண்டம்.

இணைப்பு: ரசீது நகல், டப்பாக்களின் புகைப்படங்கள், தங்கள் பதிலின் நகல்.