விற்ற கடையே பொறுப்பேற்க வேண்டும்: காரைக்குடி வணிகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் கடை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

கோட்டையூரில் பலகாரம் செய்து விற்கும் என் அத்தைக்கு உங்களில் ஒருவர் விற்ற கிரைண்டர் பழுதாக இருந்ததை ஏற்கெனவே அறிவீர்கள். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பழுதான பொருளை விற்ற கடையே திரும்பப் பெற்று, மாற்றித் தர வேண்டும். இல்லையேல் பணத்தைத் தர வேண்டும்.

அந்தக் கிரைண்டரின் கல் பொடி உதிர்கிறது. புதுக் கல் முதலில் அப்படித்தான் இருக்கும், பழைய அரிசியைப் போட்டு ஓட்டிக் கழுவினால் நின்றுவிடும் என்பது அத்தைக்குத் தெரியும். ஓட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் மைய அரைபட வேண்டும். அதற்கு நிறம்தான் உயிர். ஒரு கல்யாண வீட்டுக்கு விடியலில் சுட்டு அனுப்ப வேண்டிய மாவு சாம்பல் பூத்துக் கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறத்தது. பல்லில் கல் கடிபடும் பலகாரத்தைப் பந்தியில் வைக்கக் கொடுக்க மாட்டேன் என்று அத்தை மாவு முழுவதையும் கொட்டினார். முன்பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டு ஆச்சி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆனால் அடுத்த விசேஷத்துக்குப் பலகாரம் வேறிடத்தில் சொல்லிவிட்டார்கள். கைப்பக்குவத்தையும் நல்ல பெயரையும் தவிர வேறு முதல் இல்லாத பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை வணிகர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடையில் கேட்டதற்கு, "நாங்கள் விற்பவர்கள்தான், கம்பெனியைக் கேளுங்கள்" என்றார்கள். மதுரை சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர், வாரண்டி மோட்டாருக்குத்தான், கல்லுக்கு இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். மறுபடியும் கடைக்குப் போனால், பில்லின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைக் காட்டுகிறார்கள்.

அந்த வரி பழுதான பொருளுக்குப் பொருந்தாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டும். அத்தை அந்தக் கெடுவுக்குள்தான் போய் நின்றார். தயாரித்தவர் யாராக இருந்தாலும், விற்றவர்மீதும் புகார் கொடுக்கலாம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. ஆனால் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால் தீர்ப்புக்குச் சட்டம் வகுத்த காலமே 5 மாதம். அதுவரை அத்தை எதில் அரைப்பார்?

உள்ளூர்க் கடைகளை விட்டுவிட்டு எல்லோரும் இணையத்தில் வாங்குகிறார்கள் என்று வருந்துகிறீர்கள். வாங்க வரும்போது நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசிய அதே கடையில், பழுது என்று போனபோது அறுபது வயதுப் பெண்ணை நிற்கவைத்தே பதில் சொன்னார்கள். பிறகு எந்த நம்பிக்கையில் உங்களிடம் வருவது? கடல் கடந்து பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து, நாணயத்துக்குப் பெயர் வாங்கிய சீமை இது. ஊர்க் கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் வாரிக் கொடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெருந்தன்மை கடைக்குள்ளும் இருக்க வேண்டாமா?

கோபத்தில் சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அத்தையின் கிரைண்டரை விற்ற கடையே திரும்பப் பெறும்படி நீங்கள் பேசி முடித்துவைக்க வேண்டும். பில்களில் உள்ள அந்த ஒற்றை வரியை எல்லாக் கடைகளும் நீக்க வேண்டும். பழுது என்று வருபவரைக் கம்பெனிக்கு அனுப்பிக் கைகழுவாமல், கடைக்காரரே கம்பெனியிடம் பேசித் தீர்க்க வேண்டும்.

தை முகூர்த்தங்களுக்குப் பலகாரம் கேட்டு இப்போதே ஆட்கள் வருகிறார்கள். அத்தை யாரிடமும் முன்பணம் வாங்காமல் இருக்கிறார். அதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் தருமாறு வேண்டுகிறேன். வராவிட்டால் சிவகங்கையில் மனுக் கொடுப்போம். பில்லும் வாரண்டி அட்டையும் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
கோட்டையூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி