உத்தரவாத விலையும் ஈர நெல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரிசி விலை குறித்துத் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். ஆலைக்காரர்களையும் இறக்குமதியையும் பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது, சரி. ஆனால் நெல் காயப்போட இடமில்லாத விடயத்தை யாரும் தொடவில்லை. 2025 பெப்ரவரியில் இலங்கை அரசு, தான் நெல் வாங்கும் உத்தரவாத விலையாக நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என்று கிலோவுக்கு அறிவித்தது. அந்த முழு விலை, ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டாத நெல்லுக்குத்தான். அம்பாறையில் பெரும்போக (மாரிகாலச் செய்கை) அறுவடைக் காலத்தில், மழை விட்டும் விடாமலும் இருக்கையில், அந்த 14ஐ எங்கே போய்ப் பிடிப்பது?

போன பெரும்போகத்தில் வெட்டு மெசின் கொட்டிய நெல்லை சம்மாந்துறை வீதியோரம் படங்கு விரித்துப் பரப்பினோம். மூன்று நாளில் நான்கு தடவை மழைக்கு அள்ளிக் கட்டினோம். நான்காவது தடவை மூடையின் அடியில் கைவிட்டால் சூடு; முளை விடத் தொடங்கிவிட்டது. வயல்வாசலில் நின்ற லொறிக்காரர் சொன்ன விலைக்கே கொடுத்தோம். இப்போது கடையில் பொலன்னறுவை ஆலைப் பொதி அரிசி வாங்கிச் சமைக்கிறோம். (எங்கள் வயல் நெல்லாகவும் இருக்கலாம், யார் கண்டார்!) விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தின் பிரிவுக்கு ஒன்றாவது உலர்த்தும் இயந்திரம் வைத்து, மூடைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கட்டும். அடுத்த அறுவடைக்கு முன் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, சம்மாந்துறை