மச்சில் குடியிருக்கும் வௌவால்கள் குறித்து மகளுக்கு

மதுரை
9.2.2025

அன்பு மகள் செண்பகத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையும் நீயும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வரும் வெள்ளிக்கிழமை கொத்தனார் மச்சில் கந்தகப் புகை போட்டு, மறுநாளே ஓட்டு இடுக்குகளையெல்லாம் சிமெண்டு வைத்து அடைத்துவிடுவதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அந்த வேலையை இப்போதைக்கு நிறுத்தி வை. தாத்தா வீட்டு மச்சிலிருந்து வௌவால்கள் போக வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. குழந்தை தவழும் பட்டாசல் கூடத்தில் எச்சம் விழுவதைப் பொறுத்துக்கொள் என்று எந்தத் தகப்பனும் சொல்ல மாட்டான். அவை எப்போது போக வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால், நீங்களும் கொத்தனாரும் கையில் வைத்துப் படித்துச் செய்யும்படி எழுதி அனுப்புகிறேன்.

பகலில் புகை போட்டால், வௌவால்கள் வெளிச்சத்துக்குப் பறந்து வருவதற்குப் பதிலாக, ஓட்டுக்கும் அதைத் தாங்கும் ரீப்பர் சட்டத்துக்கும் நடுவிலும், சுவர்த்தலையில் கூரைக் கைமரம் உட்காரும் பொந்துகளிலும் இன்னும் ஆழமாக ஒடுங்கிக்கொள்ளும். சில, பலகை இடுக்கு வழியாக வீட்டுக்குள்ளேயே விழும். மூச்சு முட்டிச் செத்தவை கைக்கு எட்டாத இடத்தில் கிடந்து நாறும். புகை கலைந்ததும் பிழைத்தவை பழைய இடத்துக்கே திரும்பும். அடுத்த வீட்டார் சொன்ன பாச்சை உருண்டையும் வேண்டாம். அதிலுள்ள நாப்தலீன் ஆவி பச்சைக் குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. வௌவால்கள் நகரும் அளவுக்கு அதை மச்சில் கொட்டினால், முதலில் பாதிக்கப்படுவது நம் பேத்தியாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை இணையத்தில் பார்த்துவைத்திருக்கும் மீயொலிக் கருவியை வாங்குவதும் வீண்செலவு. அது வௌவால்களை விரட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது.

மச்சில் இருப்பது வௌவால்தானா என்பதை முதலில் நீயே உறுதி செய்துகொள். கீழே கிடக்கும் எச்சத்தில் ஒன்றைக் காகிதத்தில் எடுத்து, குச்சியால் மெதுவாக அழுத்திப் பார். எலிப் புழுக்கை காய்ந்தபின் இறுகிப்போய் நசுங்காது. பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். வௌவாலின் எச்சமோ தொட்டதும் பொடிந்து, அந்தப் பொடிக்குள் வண்டின் ஓட்டுத் துண்டுகளும் பூச்சி இறக்கைத் துணுக்குகளும் வெயில் பட்டு மினுமினுக்கும். நீ சொன்ன அளவை வைத்துப் பார்த்தால், நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் அடையும் பிப்பிஸ்ட்ரெல் என்னும் சிறு வௌவாலாகத்தான் அது இருக்க வேண்டும். உடல் கட்டைவிரல் அளவுதான் இருக்கும், எடை சில கிராம்கள். அரை அங்குல இடைவெளி கிடைத்தால் உள்ளே போய்விடும்.

சம்பந்தி அம்மாள் நிபா வைரஸை நினைத்துப் பயப்படுவதாகச் சொன்னாய். 2018இல் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் உயிர்களைப் பறித்த அந்த வைரஸ் இயல்பாகத் தங்கியிருப்பது, பெரிய மரங்களில் பகலெல்லாம் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களிடம். ஓட்டுக்கு அடியில் ஒண்டியிருப்பது பூச்சி தின்னும் வேறு இனம் என்பதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல். அதற்காக வெறுங்கையால் பிடிக்கலாம் என்று எண்ணிவிடாதே. வௌவால் கடித்தாலோ கீறினாலோ, காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்; வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்தச் சொன்னதற்கு முதற்காரணம் குட்டிகள். தாய் வௌவால் குட்டியை அடையும் இடத்திலேயே விட்டுவிட்டு இரை தேடப் போய், பால் கொடுக்கத் திரும்பி வரும். அது வெளியே போன நேரத்தில் வழியை அடைத்துவிட்டால், உள்ளே குட்டி பட்டினியில் சாகும். வெளியே தாய், சன்னல், சாளரம், அடுக்களைப் புகைக்கூண்டு என்று திறந்த வழியெல்லாம் முட்டி வீட்டுக்குள் வந்துவிடும். அமெரிக்கக் கையேடுகள் கோடை மாதங்களைக் குட்டிக் காலமாகக் குறித்து, அதைத் தவிர்த்து வேலையை வைத்துக்கொள்ளச் சொல்லும். கடுங்குளிர் உள்ள நாடுகளில் வௌவால்கள் ஏறக்குறைய ஒரே பருவத்தில் ஈனுவதால் அந்தக் கணக்கு அங்கே செல்லும். நம் நாட்டுச் சிறு பிப்பிஸ்ட்ரெல் ஆண்டில் ஒரு தடவைக்கு மேலும் ஈனக்கூடியது, ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் போடுவதும் உண்டு. ஆகவே இங்கே நாட்காட்டியை நம்பிப் பயனில்லை; மச்சைத்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு வழி எளிது. பொழுது சாய்ந்து பெரியவை பறந்து போனபின், விளக்கை அணைத்துவிட்டு மச்சுப் படியில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்து கேள். குட்டிகள் இருந்தால், வெறுமையாக இருக்க வேண்டிய மச்சிலிருந்து சன்னமான கீச்சொலி வந்துகொண்டே இருக்கும். உரோமம் முளைக்காத இளஞ்சிவப்புக் குட்டி எதுவும் தரையில் விழுந்து கிடந்தாலும் அடையாளம் அதுவே. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அவை பறக்கத் தொடங்கும். கணக்குத் தவறாமல் இருக்க ஆறு வாரம் விட்டுவைத்து, மறுபடியும் அதேபோல் கேட்டுப் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கு. அதுவரை அவை அடையும் இடத்துக்கு நேர் கீழே மச்சில் தார்ப்பாயை விரித்துவை. பட்டாசலின் பலகை இடுக்குகளைத் துணிக் கீற்றால் கீழிருந்து இறுக்கமாக அடைத்துவிடு. தொட்டிலை ரெண்டாங்கட்டு அறைக்கு மாற்றிக் கொசுவலையும் போட்டுவிடு. ஓசை எதுவும் கேட்கவில்லை என்றால், மழையில்லாத இந்த மாசி, பங்குனியைவிட நல்ல காலம் அமையாது.

அடுத்து, அவை எந்த வழியாக வெளியேறுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டின் நான்கு பக்கமும் ஆளுக்கொரு மூலையாக, சூரியன் மறைவதற்கு முன்பே நின்றுகொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாக வழுகி இறங்கிப் பறப்பது வானத்தின் வெளிச்சத்தில் தெரியும். இந்த நேரந்தவறாமை வேடிக்கையான விஷயம். 1970களின் இறுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும், வெளிச்சமே எட்டாத குகைக்குள் தனியாக அடைத்துவைத்த வௌவால்கூட, சுற்றிலும் உள்ள கூட்டம் கிளம்பும் நேரத்தோடு தன் நேரத்தையும் பொருத்திக்கொள்கிறது என்று காட்டினார்கள். நான் விலங்கியல் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்களை நிமிர்ந்து உட்காரவைத்த பாடங்களில் அதுவும் ஒன்று. உனக்கு அதனால் ஒரு வசதி, இரண்டு மூன்று மாலைகள் பார்த்தாலே போதும், எதுவும் பிந்தி வந்து ஏமாற்றாது. அவை வழக்கமாகப் புழங்கும் பொந்தின் விளிம்பு, கைபட்டுக் கறுத்த கதவு நிலையைப் போல எண்ணெய்ப் பழுப்பேறியிருக்கும். அதன் கீழே சுவரிலும் எச்சம் ஒட்டியிருக்கும். அந்த வழிகளைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவை.

வௌவால் எலி இனம் அன்று. அது மரத்தையோ மின்கம்பியையோ கடிக்காது, புதிதாகப் பொந்தும் போடாது. ஏற்கெனவே இருக்கும் வழியில்தான் போய் வரும். இந்த வேலை முழுவதும் அந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது. அவை புழங்கும் ஒன்றிரண்டு முக்கிய வழிகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடுக்குகளை முதலில் அடைக்க வேண்டும். விட்டுவைத்த வழிக்கு மேல், சன்னலுக்கு அடிக்கும் நெருக்கமான கொசுவலைத் துணியைத் தொங்கவிட வேண்டும்: மேல் விளிம்பையும் பக்க விளிம்புகளையும் சட்டம் வைத்துச் சுவரோடு அறைந்து, கீழ் விளிம்பைத் திறந்தே விட்டு, பொந்துக்குக் கீழே இரண்டடியாவது இறங்கும்படியும், பொந்துக்கு எதிரே சுவரை ஒட்டாமல் சற்றுத் தளர்ந்து நிற்கும்படியும் அமைக்க வேண்டும். வெளியே வரும் வௌவால் சுவரைப் பற்றிக்கொண்டு கீழ்நோக்கி ஊர்ந்து, வலையின் அடியில் நழுவிப் பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய பொந்தின் நேர் எதிரே வந்துதான் இறங்கப் பார்க்கும், வலை தடுக்கும், அடியில் போய் மேலேறி வர அதற்குத் தோன்றாது. மீன்வலையையோ கண் பெரிய நைலான் வலையையோ கட்டினால் இறக்கை சிக்கிக்கொள்ளும் என்பதைக் கொத்தனாரிடம் அழுத்திச் சொல். எலிக்கு வைக்கும் ஒட்டுப் பலகையை அந்தப் பக்கமே கொண்டுபோக விடாதே.

முகட்டில் வலை அடிக்க வாகில்லாத இடம் இருந்தால், இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் பத்து அங்குலத் துண்டு ஒன்றைப் பொந்தில் செருகி, வெளிமுனை கீழே சரிந்திருக்கும்படி வைத்தாலும் போதும். குழாயின் உட்புறம் வழவழப்பாக இருப்பதால் மறுபடி ஏறிவரக் கால் பிடிக்காது. வலையோ குழாயோ, ஒரு வாரம் இரவும் பகலும் அப்படியே இருக்கட்டும். நடுவில் மழை பெய்த இரவு வந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதே, ஏனென்றால் அன்று பல வெளியே கிளம்பாது. கடைசி மாலையில் நின்று பார்த்து, எதுவும் வெளியேறவில்லை என்றால் வலையை அவிழ்த்து அந்த வழியையும் நிலையாக அடைத்துவிடலாம்.

அடைப்பது பற்றிக் கொத்தனாரோடு எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. சீமை ஓடு வேய்ந்த கூரையை முழுவதும் சிமெண்டால் பூசி மூடுவது நடக்கிற காரியமும் அன்று, நல்ல காரியமும் அன்று. கூரைச் சரிவின் கீழ் விளிம்பான இறவாரத்தில் ஒவ்வோர் ஓட்டின் வளைவுக்கு அடியிலும் விரல் நுழையும் வழி இருக்கிறது. காற்றோட்டம் அந்த வழியாகத்தான் நடக்கிறது. அதை மூடினால் மச்சு வெக்கையாகும், ஈரம் தங்கிக் கைமரம் உளுக்கும். இறவாரம் நெடுகத் துருப்பிடிக்காத சன்னக் கம்பிவலையைப் பட்டையாக வெட்டி ரீப்பரில் அறைந்தால் காற்றும் வரும், வௌவாலும் வராது. முகட்டு ஓட்டில் சாந்து உதிர்ந்த இடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்தும், சுவர்த்தலைப் பொந்துகளுக்குச் செங்கல் துண்டும் சாந்தும் வைத்தால் போதும். கூலி கொஞ்சம் கூடும், கூடட்டும்.

எல்லா வழியையும் அடைத்த பிறகே எச்சத்தைக் கூட்ட வேண்டும். உலர்ந்த எச்சத்தில் வளரும் பூஞ்சையின் தூள் நுரையீரலுக்குக் கேடு செய்யக்கூடும் என்பதால், என்-95 (N95) முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து நனைத்தபின் வழித்தெடுக்கச் சொல். துடைப்பத்தால் உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. எடுத்ததை வாழைக் குழியில் போட்டு மண்ணால் மூடிவிடலாம், நல்ல உரம்.

இடையில் ஏதாவது ஒன்று அறைக்குள் வந்துவிட்டால் முதலில் மின்விசிறியை நிறுத்து. நம் வீடுகளில் வௌவால் அடிபடுவது பெரும்பாலும் விசிறி இறக்கையில்தான். குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை அணைத்து, வெளிப்பக்கச் சன்னல்களைத் திறந்து வைத்தால் தானாகவே போய்விடும். சோர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டால், தடித்த கையுறையோடு ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்து, இருட்டியபின் மரத்தண்டில் ஆள் உயரத்தில் ஏறவிடு. தரையில் வைத்தால் அதற்கு எழும்பிப் பறப்பது கடினம்.

அவை எங்கே போகும் என்று கேட்டாய். கொல்லையில் நிற்கும் இரண்டு பனைகளில் காய்ந்து தொங்கும் ஓலைகளை இந்த ஆண்டு வெட்ட விடாதே; சிறு வௌவால்கள் அத்தகைய ஓலை மடிப்புகளில் அடையும். மாப்பிள்ளைக்கு மரவேலையில் விருப்பம் இருப்பதால், உட்புறம் சொரசொரப்பான இரண்டு பலகைகளை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுச் சேர்த்து, அடிப்பக்கம் மட்டும் திறந்த பெட்டியாக்கி, மாட்டுத் தொழுவத்துச் சுவரில் பன்னிரண்டடி உயரத்தில், பிற்பகல் வெயில் படாத பக்கமாக, வலை கட்டுவதற்கு முன்பே மாட்டச் சொல். வந்து தங்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களில் இத்தகைய பெட்டிகளில் குடியேறிய பிப்பிஸ்ட்ரெல் வௌவால்கள் நெல்லைத் துளைக்கும் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சிகளைத் தின்று குறைத்திருக்கின்றன. தாமிரவருணிப் பாசனத்தில் நம் வயல் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும்போது ஒரு பலகைச் செலவுக்கு யோசிக்க வேண்டாம்.

ஓட்டு இறவாரம் நீளம் எவ்வளவு, முகட்டில் எத்தனை இடம் உதிர்ந்திருக்கிறது என்பதை அளந்து எனக்கு எழுது. கம்பிவலை இங்கே கீழவாசல் கடையில் விலை விசாரித்து வாங்கி வருகிறேன். மாசி மகத்துக்கு அம்மாவும் நானும் அங்கே வருவோம், குட்டிகள் இல்லை என்று தெரிந்தால் அந்த வாரத்திலேயே வலை கட்டிவிடலாம். நான் வரும்வரை மாப்பிள்ளை தனியாக ஏணியில் ஏற வேண்டாம். அந்தப் பழைய மூங்கில் ஏணியில் மூன்றாம் படி உளுத்திருக்கிறது.

அன்புடன்,
அப்பா