பொருளாதாரப் படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்ட அக்கா மகளுக்கு

அன்புள்ள மகளே,

உன் நீளமான செய்தியைப் படித்தேன். வகுப்பில் எந்நேரமும் கிராஃப், கணக்கைக் கண்டாலே பயம், பக்கத்துத் துறையில் மேலாண்மை படிப்பவர்கள் ஜாலியாக இருக்கிறார்கள், அங்கே மாறிவிடலாமா, ஆனால் முதல் ஆண்டு ஃபீஸ் கட்டியாகிவிட்டதே. இவ்வளவுதானே? ஃபீஸ்தான் உன்னை அதிகம் அரிக்கிறது என்று தெரிகிறது. அதையே முதலில் பேசிவிடலாம்.

கட்டிய பணம் போனது போனதுதான். நீ இருந்தாலும் விலகினாலும் அது திரும்பி வராது. அப்படியென்றால் உன் முடிவில் அதற்கு இடமே கிடையாது. இதை 'மூழ்கிய செலவு' என்று உன் பாடமே இன்னும் சில வாரங்களில் சொல்லித்தரும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்குபவர்கள்கூட சொந்த வாழ்க்கையில், “இவ்வளவு செலவு பண்ணியாச்சே” என்று சொல்லிப் பிடிக்காத படிப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நீ கணக்கில் எடுக்க வேண்டியது இனிமேல் கட்டப்போகும் ஃபீஸ், இன்னும் வாங்காத கல்விக்கடன், இனிச் செலவாகப்போகும் ஆண்டுகள், அந்த ஆண்டுகளில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பது. துறை மாறினால் இதுவரை எடுத்த கிரெடிட்களில் எத்தனை அங்கே செல்லும் என்பதைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேள். வாய்வார்த்தையை நம்பாதே. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அக்காவைச் சமாளிப்பது எனக்குப் புதிதில்லை.

அடுத்தது போரடிக்கிறது என்பது. அது நியாயமான புகார்தான். முதல் செமஸ்டர் மைக்ரோ, அதாவது நுண்ணினப் பொருளாதாரம், பெரும்பாலும் தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்குவது எவ்வளவு மாறும்), சமநோக்கு வளைகோடு (ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளைக் காட்டும் கோடு) என்றுதான் போகும். எல்லாரும் எல்லாம் தெரிந்தவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை என்ற ஓர் உலகத்தில் கோடு கோடாக வரைந்துகொண்டிருப்பீர்கள். விலையை ஏன் செங்குத்து அச்சில் போடுகிறார்கள் என்று கணக்குப் படித்தவர்களுக்கு எரிச்சல்கூட வரும். 1890இல் ஆல்ஃபிரெட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய பழக்கம் அது, இன்னும் யாரும் மாற்றவில்லை. ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களின் அன்றாட வேலை இதுவல்ல. அந்த வேலையை நீ இன்னும் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வாதம்.

ஓர் உதாரணம். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலைவாய்ப்பு குறையும் என்று உன் கிராஃப் சொல்லும். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 டாலராக்கியது. ஒட்டியிருந்த பென்சில்வேனியாவில் கூலி மாறவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவர் எல்லையின் இரு பக்கமும் துரித உணவுக் கடைகள் 410ஐ எடுத்து, கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். நியூஜெர்சியில் வேலைகள் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. 1994இல் கட்டுரை வந்ததும் பெரிய சண்டை. வேறு தரவை வைத்து மறுத்தவர்களும் உண்டு. கார்டுக்கு 2021இல் நோபல் கிடைத்தது, ஆனால் குறைந்தபட்சக் கூலி பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. கோடு ஒன்றைச் சொல்கிறது, கடைக்காரர் வேறொன்றைச் சொல்கிறார், ஏன் என்று தேடுவதில்தான் இந்தப் படிப்பின் ருசியே இருக்கிறது.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அதில் நாயகன் ஒரு மாணவன். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பெயர்பெற்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும், சராசரி −0.1 சதவீதம் என்றது அது. அரசுச் செலவை வெட்ட வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் முதுகலைக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார். வெளியான ஒரு கட்டுரையை எடுத்து அதே முடிவு வருகிறதா என்று செய்து பார்ப்பது வகுப்புப் பயிற்சி. அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். வரவில்லை. எழுதிக் கேட்டதும் எக்ஸெல் கோப்பை அனுப்பினார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும் இடத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன! அதோடு, சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள் என்பதிலும் கேள்வி இருந்தது. எல்லாவற்றையும் திருத்திப் போட்டபோது −0.1 இருந்த இடத்தில் 2.2 வந்தது. எக்ஸெல் பிழையை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், மற்ற குறைகளை ஏற்கவில்லை. கடன் கூடும்போது வளர்ச்சி குறைகிறது என்ற போக்கு திருத்தியபின்னும் ஓரளவு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனது அந்த 90 சதவீதப் பாதாளம்தான்.

இந்த மாதிரி வேலையில் உனக்கு ஆசை வருகிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடு. கிராஃப் போரடிக்கிறது என்பதை வைத்து வேண்டாம். அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்கவும் தேவையில்லை. உலக வங்கியின் தரவுத்தளம் 2010லிருந்து எல்லாருக்கும் இலவசம். இரண்டு நாடுகளின் ஐம்பது வருடத் தனிநபர் வருமானத்தை இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வை. ஏன் ஒன்று முந்தியது என்று கேள்வி எழுந்து ராத்திரி தூக்கம் கெட்டால் இங்கேயே இரு. பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்தால் தாராளமாகக் கிளம்பு, மேலாண்மை ஒன்றும் மட்டமான படிப்பில்லை.

கணக்குப் பயம் பற்றி ஒன்று. எலினார் ஆஸ்ட்ரம் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் போக நினைத்தபோது, கணக்குப் பின்புலம் போதாது என்று இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியலுக்குப் போனார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான். இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதைச் சாக்காக வைத்துக் கணக்கை விட்டுவிடாதே. வகைநுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல் மூன்றும் கைவந்தால் இளங்கலையைத் தாண்டிவிடலாம். 'இறுதிநிலை' (இன்னும் ஒன்று கூடினால் எவ்வளவு மாறும்) என்று பாடத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் வகைநுண்கணிதத்தின் வகைக்கெழுதான், பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

அப்புறம், தனியார் பல்கலைக்கழகம் என்பதால் ஒரு விஷயம். பட்டம் உன் திறமையைக் கூட்டுகிறதா, அல்லது ஏற்கெனவே இருக்கும் திறமைக்கு முத்திரை குத்துகிறதா என்று இந்தத் துறையில் பெரிய விவாதமே உண்டு. திறமையைக் கூட்டுகிறது என்ற தரப்பில் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர், முத்திரை என்ற தரப்பில் 1973இல் கட்டுரை எழுதிய மைக்கேல் ஸ்பென்ஸ். முத்திரைக்கு மட்டும் இவ்வளவு ஃபீஸ் என்றால், பெயர் அவ்வளவாகத் தெரியாத இடத்தில் அது நஷ்டக் கணக்கு. ஆகவே கொடுத்த காசுக்குப் பொருளை வாங்கு. வகுப்பு சிறியது என்று சொன்னாயே, அதுதான் அங்கே மிக விலையுயர்ந்த சரக்கு. ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்து கேள்வி கேள், அவர் ஆராய்ச்சிக்கான தரவில் பிழைகளைக் களைந்து ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று சொல். ஆர் (R) அல்லது ஸ்டேட்டா (Stata) என்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள். விளம்பரப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும் அந்த டேட்டா லேப் உண்மையில் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. பூட்டிக் கிடந்தால் துறைத்தலைவரிடம் கேட்க உனக்கு முழு உரிமை உண்டு.

துறை மாறக் கடைசித் தேதி எது என்று நாளைக்கே விசாரித்து எனக்கு அனுப்பு. மூன்றாவது செமஸ்டர் விருப்பப்பாடப் பட்டியலையும் சேர்த்து அனுப்பு. அதில் எக்கனாமெட்ரிக்ஸ் (தரவை வைத்துப் பொருளாதாரக் கேள்விகளைச் சோதிக்கும் பாடம்) யார் எடுக்கிறார் என்று தெரிந்தால் மீதியைப் பேசலாம்.

அன்புடன்,
சித்தி